மியான்மரின் ராணுவ ஆட்சியும் அயல்நாட்டு ஊடகங்களும்: ஒரு சந்தாதாரரின் மதிப்பீடு

மியான்மரில் 2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியதிலிருந்து, அந்த நாட்டைப் பற்றி வெளியிலிருந்து எழுதப்படும் செய்திகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். சிலவற்றுக்குச் சந்தா கட்டினேன், சிலவற்றைக் கட்டணமின்றிப் படித்தேன், ஒன்றை நிறுத்தியும்விட்டேன். வாங்கிப் புழங்கிய பொருளின் தரத்தை வாங்கியவர் சொல்வதுபோல, இந்தச் செய்திச் சேவைகளின் தரத்தையும் சொல்லலாம் என்று தோன்றியது. ராணுவ ஆட்சி கொடியது என்று அறிந்துகொள்ள யாரும் பணம் செலவழிக்கத் தேவையில்லை. அந்தக் கொடுமை யாருடைய உத்தரவால், எந்தப் படைப்பிரிவின் கையால், எங்கிருந்து வரும் பணத்தால் நடக்கிறது என்று சொல்கிற எழுத்துக்கே நான் காசு கொடுப்பேன். இந்த ஒரே தராசில்தான் எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்திருக்கிறேன்.

முதலில் ஏமாற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். பெயர் சொல்ல விரும்பாத ஒரு மேற்கத்திய நாளிதழின் இணையப் பதிப்புக்கு ஓராண்டுச் சந்தா கட்டியிருந்தேன். நடையில் குறையில்லை, கோபத்திலும் குறையில்லை. ஆனால் எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் நான்காம் பத்தியிலோ ஐந்தாம் பத்தியிலோ ஒரே பாடம் வந்துவிடும்: 2020 நவம்பர் தேர்தலில் ஆங் சான் சூச்சியின் கட்சி பெருவெற்றி பெற்றது, வாக்காளர் பட்டியலில் மோசடி என்று ராணுவம் சொன்னது, மூத்த தளபதி மின் ஆங் லைங் ஆட்சியைப் பிடித்தார், நாடு கொந்தளித்தது. நடு இரவில் எழுப்பிக் கேட்டாலும் அந்தப் பத்தியை நான் ஒப்பித்துவிடுவேன். அதற்கு மேலே இருக்க வேண்டிய புதுச் செய்தியோ பல நாள்களில் ஐக்கிய நாடுகள் சபையில் ஒருவர் கவலை தெரிவித்தார் என்ற அளவில் நின்றுவிடும். தலையங்கங்கள் இன்னும் மோசம். தளபதிகளைத் திட்டுவதற்குச் செலவிட்ட சொற்களில் கால்பங்கையாவது அந்தத் தளபதிகள் எப்படிச் சம்பளம் கொடுக்கிறார்கள், விமானத்துக்கு எரிபொருள் எங்கே வாங்குகிறார்கள் என்று கேட்பதற்குச் செலவிட்டிருக்கலாம்.

கவனம் சிதறுவது இன்னொரு குறை. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் மியான்மர் பின்பக்கத்துக்குப் போனது. 2023 அக்டோபர் 27 அன்று ஷான் மாநிலத்தின் வடக்கில் மூன்று ஆயுதக் குழுக்கள் சேர்ந்து தாக்குதல் தொடங்கி, ராணுவத்தின் காவல்நிலைகளையும் சீன எல்லை வணிகப் பாதைகளையும் அடுத்தடுத்துக் கைப்பற்றின. ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு ராணுவம் சந்தித்த மிகப் பெரிய பின்னடைவு அது. காஸா போர் தொடங்கி அப்போது மூன்று வாரம்கூட முடியவில்லை என்பதால், நான் காசு கட்டிய ஏடு அந்தச் செய்தியை அடிக்குறிப்பு மாதிரி போட்டுவிட்டுக் கடந்துபோனது. முழு விவரத்தையும் அந்த வாரத்தில் வேறிடத்தில் கட்டணமின்றிப் படித்தேன். அந்த வேறிடத்துக்குப் பிறகு வருகிறேன்.

நியாயமாகப் பார்த்தால், இந்தக் குறைகள் எல்லாவற்றையும் ஆசிரியர்களின் தலையில் கட்ட முடியாது. உள்ளே போக விசா கிடைப்பது அரிது, கிடைத்தாலும் கூடவே சீருடை வரும். கவிழ்ப்பு நடந்து இரண்டு மாதம் ஆவதற்குள் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சிக் குழுவை ராணுவமே காவலோடு யாங்கோனுக்கு அழைத்துச் சென்று சுற்றிக்காட்டியது. சந்தையில் அந்தக் குழுவோடு பேசிய பொதுமக்கள் சிலரைப் பிடித்துச் சென்றார்கள். குழு பத்திரமாக நாடு திரும்பியது. 2025 மார்ச் 28 அன்று 7.7 அளவில் நிலநடுக்கம் சகாயிங்கையும் மாண்டலேயையும் நொறுக்கி மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, தங்க இடமில்லை, மின்சாரமில்லை, தண்ணீரில்லை என்று காரணம் சொல்லி அயல்நாட்டுச் செய்தியாளர்கள் வரவேண்டாம் என்றார் ராணுவத்தின் செய்தித் தொடர்பாளர். காரணத்தில் பொய்யில்லை, மாண்டலேயில் மக்கள் தெருவில்தான் படுத்திருந்தார்கள். ஆனால் தெருவில் படுக்கத் தயாராக இருந்த நிருபர்களுக்கும் அதே பதில்தான்.

ஆகவே பெரும்பாலான அயல்நாட்டு நிருபர்கள் தாய்லாந்திலிருந்து எழுதுகிறார்கள். பாங்காக்கில் வீடு, எல்லையில் மே சோட் நகரம், நடுவே மோய் ஆறு, அக்கரையில் மியாவாடி. ஆற்றைக் கடந்து வருகிறவர்களின் கதையை எழுதுவது எளிது என்பதால், அவர்கள் படைக்கும் மியான்மரில் காரென் இனக் கிளர்ச்சியாளர்களும் இணைய மோசடிக் கூடங்களும் அகதி முகாம்களும் அளவுக்கு மேல் இடம்பிடித்துவிடுகின்றன. போரின் நெஞ்சுப்பகுதி இதற்கு வெகு வடமேற்கே, சகாயிங், மாக்வே பிராந்தியங்களின் வறண்ட சமவெளியில் இருக்கிறது. எள்ளும் நிலக்கடலையும் பயிரிடும் பெரும்பான்மை இனமான பர்மியர்கள், ஒருகாலத்தில் ராணுவத்துக்கு ஆள் அனுப்பிய அதே கிராமங்களில், அந்த ராணுவத்துக்கு எதிராக நாட்டுத் துப்பாக்கியோடு நிற்கிறார்கள். ராணுவத்தின் அடித்தளமே விரிசல் விட்டதைக் காட்டும் செய்தி இது. எல்லையிலிருந்து பார்த்தால் அது கண்ணில் படாது.

இப்போது நல்லதற்கு வருகிறேன். இந்தத் துறையில் நான் படித்தவற்றுள் தலைசிறந்தது ராய்ட்டர்ஸ் 2018 பிப்ரவரியில் வெளியிட்ட இன் தின் கிராமக் கொலை பற்றிய புலனாய்வு. ராக்கைன் மாநிலத்தின் அந்தக் கடலோரக் கிராமத்தில் 2017 செப்டம்பர் 2 அன்று பத்து ரோஹிங்யா முஸ்லிம் ஆண்கள் கொல்லப்பட்டார்கள். கட்டுரையின் மையம் ஒரு புகைப்படம்: பத்துப் பேரும் வரிசையாக மண்டியிட்டிருக்கிறார்கள், பின்னால் துப்பாக்கியோடு ஆட்கள். இன்னொரு படத்தில் அதே பத்துப் பேர் குழியில் கிடக்கிறார்கள். இதற்கு முன்பும் ரோஹிங்யாக்கள் மீதான கொடுமைகளைப் பற்றி ஏராளமான கட்டுரைகள் வந்திருந்தன, எல்லாம் வங்கதேச முகாம்களில் தப்பியோர் சொன்னவை. இந்தக் கட்டுரை நேர்மாறான திசையிலிருந்து வந்தது. வீடுகளைக் கொளுத்தியதையும் பிணங்களைப் புதைத்ததையும் தாங்களே ஒப்புக்கொண்ட பௌத்த கிராமத்தவர்களும் அதில் பேசினார்கள். எதிர்த்தரப்பு மறுக்க இடமே விடாத கட்டுமானம் அது. கொடூரம் என்ற சொல்லை ஆசிரியர் தேட வேண்டிய தேவையே அதில் எழவில்லை.

விலை கொடுத்தவர்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். அந்தச் செய்தியைத் தேடியெடுத்த வா லோன், கியாவ் சோ ஊ என்ற இரண்டு மியான்மர் நிருபர்களும் கட்டுரை வெளிவருவதற்கு முன்பே, 2017 டிசம்பர் 12 அன்று கைதானார்கள். ஒரு போலீஸ் அதிகாரி உணவகத்தில் சந்தித்துச் சுருட்டிய காகிதங்களைக் கையில் கொடுத்தார், வெளியே வந்ததும் ரகசிய ஆவணம் வைத்திருந்ததாகப் பிடித்தார்கள். அது மேலிடத்து உத்தரவின்படி வைத்த பொறி என்று நீதிமன்றத்தில் சாட்சி சொன்ன போலீஸ் கேப்டனுக்கும் சிறை கிடைத்தது. பிரிட்டிஷார் 1923-ல் கொண்டுவந்த அரசாங்க ரகசியச் சட்டத்தின்படி நிருபர்கள் இருவருக்கும் ஏழு ஆண்டுத் தண்டனை. 511 நாள் கழித்து, 2019 மே 7 அன்று வெளியே வந்தார்கள். அந்தக் கொலைக்காகப் பத்தாண்டுத் தண்டனை பெற்ற ஏழு ராணுவத்தினரோ ஓராண்டுகூட உள்ளே இருக்கவில்லை. கொன்றவர்களைவிட எழுதியவர்கள் அதிக நாள் சிறையில் இருந்த கணக்கு இது.

இதெல்லாம் நடந்தது ஆங் சான் சூச்சி ஆட்சியில் இருந்தபோது என்பதைப் பல ஏடுகள் இப்போது மெல்ல மறந்துவிடுகின்றன. தீர்ப்பை அவர் 2018 செப்டம்பரில் ஹனோயில் நடந்த மாநாட்டில் பகிரங்கமாக நியாயப்படுத்தினார். அந்நாளில் பர்மியப் பொதுமக்களில் பெரும்பகுதியினருக்கு அயல்நாட்டு ஊடகம் என்றாலே கசப்பு. நம் நாட்டைக் கேவலப்படுத்துகிறார்கள் என்பதே பேச்சு. கவிழ்ப்புக்குப் பிறகு அதே மக்கள் அதே ஊடகங்களின் ஒளிப்படக் கருவிக்கு முன்னால் ஆங்கிலத்தில் எழுதிய பதாகைகளைத் தூக்கிப் பிடித்தார்கள். ரோஹிங்யாக்களிடம் மன்னிப்புக் கேட்டவர்களும் உண்டு. இந்த வளைவை நேர்மையாக எழுதிய அயல்நாட்டுக் கட்டுரைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். சூச்சியைத் தெய்வமாக்கிப் பின் அரக்கியாக்கிப் பின் கைதியாக்கிய தங்கள் பழைய பக்கங்களைத் திருப்பிப் பார்க்க அவர்களுக்கு மனமில்லை போலும்.

வெளிநாட்டுக் குரலுக்கு அந்த நாட்டில் இன்றைவிட அதிக மதிப்பு இருந்த காலமும் உண்டு. 1988-ல் உள்ளூர் ஏடுகள் எல்லாம் அரசின் கையில் இருந்தபோது, ஆகஸ்ட் 8 அன்று நாடெங்கும் வேலைநிறுத்தம் என்ற செய்தி பிபிசியின் பர்மிய ஒலிபரப்பு வழியாகத்தான் ஊரூராகப் போனது. சிற்றலை வானொலியைச் சுற்றி அமர்ந்து தணிந்த குரலில் கேட்ட தலைமுறை அது. தளபதிகள் அதை மறக்கவேயில்லை. பௌத்த பிக்குகள் தெருவில் இறங்கிய 2007-ல் அரசு நாளிதழ் பிபிசி, வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா, ரேடியோ ஃப்ரீ ஏஷியா ஆகியவற்றின் பெயரைச் சொல்லியே, இவை பொய்யையும் பகையையும் பரப்புகின்றன என்று எச்சரிக்கை வாசகங்கள் அச்சிட்டது. அவ்வளவு பெரிய விளம்பரத்தை எந்த வானொலியும் விலை கொடுத்து வாங்கியிருக்க முடியாது. அதே ஆண்டு செப்டம்பர் 27 அன்று யாங்கோனில் சூலே பகோடாவுக்கு அருகே ஜப்பானியச் செய்தியாளர் கென்ஜி நாகாய் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் கையிலிருந்த கருவி 2023-ல்தான் அவருடைய தங்கையின் கைக்கு வந்து சேர்ந்தது.

நான் மேலே குறிப்பிட்ட வேறிடம், நாட்டைவிட்டு வெளியேறி இயங்கும் பர்மிய ஊடகங்கள். டிவிபி என்ற பர்மாவின் ஜனநாயகக் குரல் 1992-ல் ஆஸ்லோவில் வானொலியாகப் பிறந்தது. இராவதி 1993-ல் தாய்லாந்தில் தொடங்கியது, மிஸ்ஸிமா 1998-ல் டில்லியில். 2012-ல் முன்தணிக்கை நீங்கியதும் இவை நாடு திரும்பின. 2021 மார்ச் 8 அன்று மிஸ்ஸிமா, டிவிபி, கிட் தித், மியான்மர் நவ், 7டே ஆகிய ஐந்தின் உரிமத்தையும் ராணுவம் ஒரே நாளில் பறித்ததும் திரும்பவும் மூட்டை கட்டின. என்னுடைய தராசில் இவற்றின் தட்டுதான் தாழ்கிறது. எந்த வட்டம், எந்த கிராமம், எத்தனையாவது காலாட்படைப் பட்டாளம், அதன் தளபதி யார், அவர் முன்பு எங்கே இருந்தார் என்பதெல்லாம் இவற்றில் கிடைக்கும். ஒரு டாலருக்கு 2,100 கியாட் என்று அரசு 2022-ல் நிர்ணயித்த விகிதம் காகிதத்தில் இருக்க, சந்தையில் அது நாலாயிரத்தைத் தாண்டிப் போன கதையையும், அதனால் சமையல் எண்ணெய்க்கு மக்கள் வரிசையில் நின்றதையும் தொடர்ச்சியாக இவற்றில்தான் படித்தேன்.

குறை இல்லாமலில்லை. எதிர்ப்புப் படைகள் சொல்லும் வெற்றிக் கணக்கை அப்படியே வெளியிடும் பழக்கம் இவற்றுக்கு உண்டு. ஒரு மோதலில் இத்தனை சிப்பாய்கள் இறந்தார்கள் என்று வரும் எண்ணை நான் எப்போதும் பாதியாக்கித்தான் மனத்தில் எழுதிக்கொள்கிறேன். எதிர்ப்புப் படைகள் செய்யும் தவறுகள் சற்றுத் தாமதமாகவும் சற்று மெல்லிய குரலிலும் வருகின்றன. பாதிக்கப்பட்டவரே எழுதும்போது இது நேர்வதுதான் என்றாலும், வாசகர் இதை அறிந்தே படிக்க வேண்டும்.

எண்களைக் கையாள்வதில் செய்தி முகமைகளே ஆசான்கள். 2023 ஏப்ரல் 11 அன்று சகாயிங்கின் பாசிஜி கிராமத்தில் ஓர் அலுவலகத் திறப்பு விழாவுக்குக் கூடியிருந்த மக்கள்மீது விமானம் குண்டு வீசியது. முதலில் ஐம்பதுக்கு மேல் என்றார்கள், பிறகு நூறு, முடிவில் நூற்று அறுபதுக்கு மேல். ஒவ்வொரு படியிலும் யார் சொன்னார், தாங்கள் சரிபார்க்க முடிந்ததா இல்லையா என்று எழுதினார்கள். ‘குறைந்தது’ என்ற சொல்லும், ‘தனியாக உறுதிசெய்ய இயலவில்லை’ என்ற வாக்கியமும் சிலருக்கு எரிச்சலூட்டலாம். மருந்துப் புட்டியில் அச்சிட்ட காலாவதித் தேதியைப் போல அவை எனக்குப் பயன்படுகின்றன.

சொல் விஷயத்தில் அயல்நாட்டு ஏடுகளுக்கும் ஒரு பாராட்டு. ஆட்சிக் கவிழ்ப்பு, ராணுவ ஆட்சிக்குழு ஆகிய சொற்களைப் பயன்படுத்தக் கூடாது என்று 2021 பிப்ரவரியில் தகவல் அமைச்சகம் உள்ளூர் ஏடுகளுக்கு உத்தரவிட்டது. அதே மாதம் தண்டனைச் சட்டத்தில் 505ஏ பிரிவைச் சேர்த்துப் பொய்ச் செய்திக்கு மூன்றாண்டுச் சிறை என்றார்கள். தங்களுக்குத் தாங்களே பெயர் சூட்டிக்கொள்வதில் இந்தத் தளபதிகளுக்கு நெடிய மரபு உண்டு: 1962-ல் புரட்சிக் குழு, 1988-ல் சட்டம் ஒழுங்கு மீட்புக் குழு, 1997-ல் அமைதி மற்றும் வளர்ச்சிக் குழு, 2021-ல் அரசு நிர்வாகக் குழு, 2025 ஜூலை 31-ல் அரசுப் பாதுகாப்பு மற்றும் அமைதி ஆணையம். பலகை மாறிக்கொண்டே இருந்தாலும் அயல்நாட்டு ஏடுகள் பிடிவாதமாக, ராணுவ ஆட்சிக்குழு என்று பொருள்படும் ‘ஜுண்டா’ என்றே எழுதிவந்தன. அவற்றின் பிடிவாதங்களில் எனக்குப் பிடித்தது இதுதான்.

ஆனால் உண்மையில் எந்த எழுத்து கடித்தது? 2021 மே மாதம் பிரெஞ்சு நாளிதழான லெ மோந்த், மியான்மரின் யாதனா கடற்பரப்பின் எரிவாயுப் பணம் எப்படிப் பாய்கிறது என்று உள் ஆவணங்களை வைத்து எழுதியது. தாய்லாந்துக்கு எரிவாயு கொண்டுபோகும் குழாய்க்குத் தனியாக ஒரு நிறுவனம், அது பெர்முடாவில் பதிவானது, லாபம் அங்கே குவிகிறது, அதில் மியான்மர் அரசின் எண்ணெய் நிறுவனத்துக்கும் பங்கு. அந்த அரசு நிறுவனமோ இப்போது ராணுவத்தின் கையில். கட்டுரையில் ஒரு பகோடாவும் இல்லை, அழும் தாயும் இல்லை, முழுக்கக் கணக்குதான். அந்த மாத முடிவுக்குள் அதில் பங்கு வைத்திருந்த பிரெஞ்சு டோட்டலும் அமெரிக்கச் செவ்ரானும் அந்தக் குழாய் நிறுவனத்தின் பங்காதாயப் பட்டுவாடாவை நிறுத்திவைப்பதாக அறிவித்தன. 2022 ஜனவரி 21 அன்று இரண்டுமே மியான்மரைவிட்டு விலகுவதாகச் சொல்லின. மனித உரிமை அமைப்புகளின் நெடுநாள் நெருக்குதலுக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. தலைநகர் நேபிடாவில் இருக்கும் தளபதி பாரிஸ் நாளிதழின் தலையங்கத்தைப் படிக்கப்போவதில்லை, பாரிஸில் இருக்கும் பங்குதாரர் படிப்பார். அயல்நாட்டு ஊடகம் தன் ஊர் கம்பெனியின் கணக்குப் புத்தகத்தைத் திறக்கும்போதுதான் அதன் கை மியான்மர்வரை நீள்கிறது.

அதோடு விட்டுவிட்டார்கள் என்பது என் மனக்குறை. டோட்டல் விலகியபின் யாதனாவை நடத்தும் பொறுப்பு தாய்லாந்து நிறுவனமான பிடிடிஇபியிடம் போனது, எரிவாயு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. தங்கள் நாட்டுப் பெயர் கணக்கிலிருந்து நீங்கியதும் அந்தக் கணக்கில் மேற்கத்திய ஏடுகளுக்கு இருந்த ஆர்வமும் நீங்கிவிட்டது.

சந்தா கட்ட நினைக்கும் தமிழ் வாசகருக்கு என் பரிந்துரை இதுதான். அன்றாடச் செய்திக்கு முகமைகள் போதும், அவை நம் தமிழ் நாளிதழ்களிலேயே சுருக்கமாக வந்துவிடுகின்றன. ஆய்ந்து எழுதப்பட்ட நீண்ட கட்டுரைக்கு ஃபிரண்டியர் மியான்மர் இதழின் உறுப்பினர் திட்டம் தகும். அதன் நிர்வாக ஆசிரியராக இருந்த அமெரிக்கர் டேனி ஃபென்ஸ்டரை 2021 மே மாதம் யாங்கோன் விமான நிலையத்தில் பிடித்து, நவம்பரில் பதினோரு ஆண்டுத் தண்டனை விதித்து, மூன்றாம் நாளே விடுவித்தார்கள். உள்ளூர் நிருபர்களுக்கு அத்தகைய மூன்றாம் நாள் வாய்ப்பதில்லை. வாரம் ஒருமுறையாவது இராவதியையும் மியான்மர் நவ்வையும் பார்ப்பது நல்லது. முடிந்தால் நன்கொடையும் தரலாம். 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை முடக்கியதில் நாடுகடந்த பர்மிய ஏடுகள் பலவும் தள்ளாடுகின்றன. அமெரிக்க அரசின் நிதியில் இயங்கிய ரேடியோ ஃப்ரீ ஏஷியா அதே ஆண்டு அக்டோபர் 31-உடன் செய்தித் தயாரிப்பையே நிறுத்திவைத்தது. 2007-ல் எச்சரிக்கை வாசகம் அச்சிட்டும் தளபதிகளால் சாதிக்க முடியாததை வாஷிங்டனே அவர்களுக்குச் செய்து கொடுத்துவிட்டது.

நான் நிறுத்திய அந்த மேற்கத்திய நாளிதழிலிருந்து சென்ற மாதம் ஒரு மின்னஞ்சல் வந்தது. மீண்டும் சேர்ந்தால் முதல் ஆறு மாதத்துக்குப் பாதி விலை என்றார்கள். நான் முன்பு என்னென்ன படித்தேன் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். மேலே மாலை வெயிலில் மின்னும் ஷ்வேடகோன் பகோடாவின் படம், கீழே விளிம்பில் நிற்கும் நாடு என்ற தலைப்பு. நான்காம் பத்தி எனக்குத் தெரியும் என்பதால் திறக்கவில்லை.